அரிசிக்கு ஜாமீன் நின்ற பாதிரியார்

ஒரு சின்ன சம்பவத்தோட ஆரம்பிக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு. தமிழ்நாட்டில் ஒரு வழிப்பயணம். ஒரு ஜெர்மன் பாதிரியார் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் ஒரு நட்டுவனாரையும் நடனமாடும் ஒரு பெண்ணையும் சந்திக்கிறார். பேச்சுவாக்கில், தீய வழியில் நடப்பவர்கள் பரலோகத்துக்குள் போக முடியாது என்கிறார். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. அப்படியானால் ஐரோப்பியர்கள் அநேகமாக யாருமே அங்கே போகப்போவதில்லையே என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதை நமக்குச் சொன்னவர் அந்தப் பாதிரியாரேதான். தான் மடக்கப்பட்ட கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

அவர் பெயர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர், திருச்சி பக்கம் இருக்கிறவங்க இந்தப் பெயரை சர்ச் வாசலிலாவது பார்த்திருப்பீங்க. அப்துல் கலாம் படித்த ராமநாதபுரம் பள்ளிக்கும் இவர் பெயர்தான். ஆனா ஆள் யாருன்னு கேட்டா, 'யாரோ ஒரு வெள்ளைக்காரர்' என்பதோடு நிறுத்திக்கிறோம்.

அந்தப் பெண் சொன்னதில் இருந்த சிக்கலைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாடு 1715-லேயே வந்துவிட்டது, தரங்கம்பாடியில், சீகன்பால்குவின் உழைப்பில். அதாவது, சுவார்ட்ஸ் வருவதற்கு முன்பே புத்தகம் இருந்தது, பிரசங்கம் இருந்தது. ஆனால் தெருவில் ஜனங்கள் தினமும் பார்த்த கிறிஸ்தவர்கள் யார்? கம்பெனி சிப்பாய், கம்பெனி வியாபாரி. குடி, சூதாட்டம், கொடுத்த வாக்கை மீறுவது. நீங்க நற்செய்தின்னு ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தா, அதற்கு எதிரான சாட்சி உங்க ஊர்க்காரனேதான். இந்த நிலையில், வாழ்க்கையும் சேர்ந்து பேசினால்தான் பேச்சு எடுபடும். சுவார்ட்ஸ் இதைப் புரிந்துகொண்டார் என்பது என் கணிப்பு.

அவர் பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க் ஊரில் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தார். தமிழை அங்கேயே ஆரம்பித்துவிட்டார். 1750-ல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். நாலே மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம். 1762-லிருந்து திருச்சி, 1778-லிருந்து தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 48 வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. நவாப் அரண்மனையில் பேச பாரசீகம், தஞ்சை ராஜாவிடம் பேச மராட்டி என்று வயதான பிறகும் புதுசு புதுசாகப் படித்துக்கொண்டே இருந்தார். திருச்சியில் அவர் இருந்த வீட்டைப் பார்த்த ஒரு ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்: தானும் தன் கட்டிலும் மட்டும் கொள்ளும் ஒரு அறை, கறுப்புச் சாயம் போட்ட பருத்தி உடை, இந்த ஊர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும்.

எளிமையா வாழ்ந்தார், சரி. அதனால என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கலாம். அதுக்கு 1779-க்குப் போகணும்.

மைசூரில் ஹைதர் அலி. சென்னையில் கம்பெனி கவர்னர் தாமஸ் ரம்போல்ட். போர் வரும் வாசனை அடிக்குது. ஹைதரிடம் சமாதானம் பேச ரகசியமாக ஒருவரை அனுப்ப வேண்டும், ஹைதரோ கம்பெனி ஆட்கள் ஒருத்தரையும் நம்புவதாக இல்லை. தன்னை ஏமாற்ற மாட்டார் என்று அவர் நம்பிய ஒரே ஆள் இந்தப் பாதிரியார். ரத்தம் சிந்துவதைத் தடுக்க ஒரு வாய்ப்பு என்று நினைத்து சுவார்ட்ஸ் ஒத்துக்கொண்டார். ஆனால் போகும்போதே ஒரு முடிவு: யாரிடமும் பரிசு வாங்குவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். ஆங்கிலேயர் எங்கெங்கே வாக்குத் தவறினார்கள் என்று கவர்னருக்கு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தார். புறப்படும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொண்ட ஒரு பை வந்தது. வழிச்செலவு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, வேண்டாம் என்று சுவார்ட்ஸ் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கொண்டுவந்த ஆட்கள் பயந்துவிட்டார்கள், திரும்ப எடுத்துக்கொண்டு போனால் எங்கள் தலை போகும் என்று. சரி என்று வாங்கி, சென்னைக்குப் போனதும் அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதையே முதல் நிதியாக்கினார்.

தூது என்ன ஆச்சு? தோற்றது. 1780-ல் போர் வெடித்தது. கம்பெனிக்கு உண்மையிலேயே சமாதானம் வேண்டுமா என்ற சந்தேகம் சுவார்ட்ஸுக்கே வந்துவிட்டது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும்: ஒரு நேர்மையான மனிதரின் நல்ல பெயரை, நேர்மையில்லாத ஒரு நிறுவனம் முகமூடியாகப் பயன்படுத்திக்கொண்டது. இது அன்றைக்கு மட்டும் நடந்த கதை இல்லை, உங்களுக்கே தெரியும்.

ஆனா ஹைதர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் ஊராக எரித்துக்கொண்டு வந்த அந்தப் படைக்கு, இந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்காமல் விடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

அடுத்து பஞ்சம். போர் சோழ நாட்டையே வெறிச்சோட வைத்திருந்தது. தஞ்சாவூர் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் சாகிறார்கள், காலையில் தெருவில் பிணங்கள் கிடக்கின்றன. கோட்டைக்குள் நெல் இல்லையே தவிர கிராமங்களில் இருந்தது. ஆனால் கொண்டுவர ஆளும் இல்லை, மாடும் இல்லை. ஏன்? முன்பு கொண்டுவந்தவர்களுக்கு அரண்மனை அதிகாரிகள் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். ராஜாவின் பேச்சை நம்பி வண்டி பூட்ட யாரும் தயாரில்லை.

கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்தார்கள். அவர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார்: காசை என் கையாலேயே தருவேன், எதிரி உங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதற்கும் விலை தருவேன். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. அவருடைய உபதேசியாரும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். வெகு சீக்கிரத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் காசை எண்ணிக் கொடுத்து, கூடவே ஒரு சின்ன வெகுமதியும் கொடுத்து அனுப்பினார். கையில் இருந்தது போதாமல், அடுத்தவர்கள் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தையும் எடுத்து அடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இதுல என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த 80,000 கலம் இல்லை. மாட்டை ஓட்டி வந்த அந்தக் குடியானவர்கள். அவங்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இயேசுவைப் பற்றி அவர் சொன்னதை நம்பினார்களா, தெரியாது. காசு தருவேன் என்று சொன்னதை நம்பினார்கள். போர் நடுவில், தன் ஒரே சொத்தான மாட்டை அவிழ்த்துக்கொண்டு வரும் அளவுக்கு. அந்த நம்பிக்கை ஒரு கடிதத்தில் வந்ததில்லை. கூலி, கடன், கணக்கு என்று முப்பது வருஷம் சில்லறைச் சில்லறையாகச் சேர்ந்தது. குணம்னா நாம பெரிய தியாகம், பெரிய சோதனை என்றெல்லாம் நினைக்கிறோம். இங்கே அது பேசின காசை அன்றைக்கே கொடுப்பதாக இருந்திருக்கிறது.

சரி, நல்லவர் என்றால் எடுத்த முடிவெல்லாம் சரியா இருந்ததா? இல்லை.

1787. ராஜா துளஜா சாகும் தறுவாயில். பத்து வயதுப் பையன் சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸைக் கூப்பிட்டு இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். சுவார்ட்ஸ் மறுத்தார். எப்போதாவது வந்துபோகும் தன்னால் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாது, உங்கள் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்றார். யோசனை நியாயமானதுதான். ஆனால் அமர்சிங் தானே சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். தத்து செல்லாது என்று ஒரு தீர்ப்பும் வாங்கியாயிற்று. பையன் ஒரு இருட்டறையில், படிப்புச் சொல்லித்தர ஆளில்லாமல் அடைபட்டுக் கிடந்தான்.

சுவார்ட்ஸ் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அப்போதும் விடவில்லை. கடைசியில் 1793-ல் பையனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைத்தார்கள். தத்து பற்றிய தீர்ப்பையும் கம்பெனி மாற்றிக்கொண்டது. சரபோஜி 1798 ஜூனில் ராஜா ஆனார். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை, அதே வருஷம் பிப்ரவரி 13-ல் இறந்துவிட்டார். அடுத்த வருஷமே, 1799-ல், தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்லணும். சுவார்ட்ஸ் தேடியது ஒரு சிறுவனுக்கு நீதி. அந்த வழியில் கம்பெனி ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமான கேள்விக்கு வர்றேன். சரபோஜி கிறிஸ்தவர் ஆனாரா? ஆகவில்லை. கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். பெரிய கோவில் சுவரில் தன் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராட்டியில் வெட்டி வைத்தார். காசிக்கு யாத்திரை போனார். சரஸ்வதி மகால் நூலகத்தை இன்றைய பெருமைக்கு வளர்த்தார்.

அதே சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு பையனும் உண்டு. பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து அவர் அழைத்து வந்த வேதநாயகம். அவர்தான் பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். ஒரே பாதிரியார், ஒரே அன்பு. ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவக் கவிராயர், இன்னொருவர் சைவக் கோவிலுக்குப் புரவலர்.

நம்ம சபைகளில் ஒரு பேச்சு உண்டு: நீ நல்லா வாழ்ந்து காட்டு, ஜனங்க தானா வருவாங்க. சுவார்ட்ஸ் வாழ்க்கை அந்தக் கணக்குக்கு ஒத்து வரமாட்டேங்குது. அவர் வாழ்ந்து காட்டினார், அவருக்கு மிக நெருக்கமானவர் வரவில்லை. அதற்காக அன்பைக் குறைத்ததாக ஒரு தடயமும் இல்லை. மதம் மாற்றுவதற்கு ஒரு உத்தியாக மட்டும் அந்த அன்பு இருந்திருந்தால், ஒரு கட்டத்தில் சலித்துப்போயிருக்கும். சரபோஜியும் அதை மோப்பம் பிடித்திருப்பார். அரண்மனையில் வளர்ந்தவருக்கு யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதா என்ன?

அவர் பார்க்காமல் விட்டதையும் சொல்லாமல் போக மாட்டேன். சாதி. அவருடைய சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று தனித்தனியாக உட்காரும் வழக்கம் இருந்தது. போகப்போக மாறும் என்று அவர் பொறுத்துக்கொண்டார். மாறவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம் நின்றவர் யார்? நம்ம வேதநாயகம் சாஸ்திரியாரேதான். பழைய ஐயர்மார் அனுமதித்ததை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். குருவின் நல்ல குணத்தோடு, குரு கண்டுகொள்ளாமல் விட்டதும் சேர்ந்தே சீடர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பின் வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் சுவார்ட்ஸின் குணத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? அது எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

தஞ்சாவூர் போனா, பெரிய கோவில் பார்த்த கையோட பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கிற சின்ன சர்ச்சுக்கும் போங்க. 1779-ல் கட்டினது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் இருக்கும். லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மேன் செதுக்கியது. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர் சரபோஜி. கட்டிலில் சாகக்கிடக்கும் கிழவர், தலைமாட்டில் ஒரு பாதிரியார், கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள். கட்டில் ஓரம் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் ராஜா.

சுவார்ட்ஸின் கல்லறையை மூடிய கல்லில் ஒரு ஆங்கிலப் பாட்டு வெட்டியிருக்கிறது. சரபோஜி தானே எழுதினது. அதில் சுவார்ட்ஸை அப்பா என்று கூப்பிடுகிறார். எதுகைக்கு இழுத்துக்கட்டிய, கொஞ்சம் தட்டுத்தடுமாறும் பாட்டுதான், கவிதையாக நான் மார்க் போட மாட்டேன். அதன் கடைசி வார்த்தை சரபோஜி என்ற அவருடைய பெயர்.