மதுரைச் சுங்குடி

வெள்ளைப் பருத்தித் துணியில் நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை எடுத்துவிட்டுப் புள்ளி வரவழைக்கும் மதுரைக் கைவினை சுங்குடி. நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். இந்த முறையில் செய்த சேலைக்கும் அதே பெயர்தான். அரக்கு, கருநீலம், இலைப்பச்சை போன்ற அடர்ந்த நிறங்களில் சிறு வெண்புள்ளிகள் வரிசை பிடித்திருப்பது இதன் பழைய அடையாளம். வட்டம் எனப் பொருள்படும் வடசொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். 2005ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுங்குடி பல கைகள் சேர்ந்த வேலை. ஒரு சுங்குடிச் சேலையை ஒருவரே முழுதாகச் செய்வது வழக்கமில்லை. துணி ஒரு வீட்டில் மடியும், இன்னொரு வீட்டில் முடிச்சேறும், சாயப் பட்டறையில் நிறம் வாங்கும், கடைவீதியில் விரியும். கையெழுத்துப் போட ஓர் ஓவியர் இல்லாத கலை இது.

செய்தவர்கள்

இக்கலையை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராஷ்டிரர்கள். பட்டுநூல்காரர் என்பது இவர்களுக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய பழம்பெயர். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல தலைமுறைகளில் தக்காணம், விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்தவர்கள் என்பது இவர்களின் மரபுச் செய்தி. வந்த வழி முழுவதும் இவர்கள் பேச்சில் படிந்திருக்கிறது. வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழி குஜராத்தி, மராத்தி ஆகியவற்றுக்கு உறவு. தெலுங்கும் தமிழும் அதில் தாராளமாகக் கலந்துள்ளன. நாயக்கர் காலத்தில் அரண்மனைக்குத் துணி வேண்டியிருந்தது. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இவர்களை ஆதரித்துக் குடியமர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களிலும் பந்தடித் தெருக்களிலும் கீழவாசல், முனிச்சாலைப் பக்கங்களிலும் இச்சமூகத்தார் நெருக்கமாக வாழ்ந்தனர். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் (பிறப்பு 1922) மதுரைச் சௌராஷ்டிரர்தான்.

இவர்கள் தம் முன்னோராகச் சுட்டுபவர்களில் மந்தசோர்க் கல்வெட்டில் வரும் பட்டு நெசவாளர் குழுவும் உண்டு. தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோருக்கு, இடம்பெயர்ந்த அக்குழு 5ஆம் நூற்றாண்டில் தன் சொந்தப் பணத்தில் சூரியனுக்குக் கோயில் எடுத்தது. பின்னர் அதைப் பழுதும் பார்த்தது. கல்வெட்டுப் பாடலை எழுதியவர் வத்சபட்டி. புது ஊரில் அவர்களில் சிலர் வில்வித்தைக்கும், சிலர் கதை சொல்வதற்கும், சிலர் சோதிடத்துக்கும் போய்விட்டதாகவும், மற்றவர்கள் தறியை விடவில்லை என்றும் அது சொல்கிறது. இந்தக் குழுவுக்கும் மதுரைக்கும் நேர்வழி ரத்த உறவை நிறுவ முடியாது. ஆனால் துணியைத் தனியாளாக அன்றிக் குழுவாகச் செய்து, குழுவாகவே கோயிலும் கட்டுகிற பழக்கம் அப்படியே மதுரைக்குப் பொருந்துகிறது. மதுரைச் சௌராஷ்டிர வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கிப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டார்கள். சமூகத்தின் சபையும் பள்ளிகளும் கோயில் காரியங்களும் இப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்தவை.

முடிச்சு

முதலில் துணி. இது பெரும்பாலும் வேறிடத்தில் நெய்த மெல்லிய பருத்தித் துணி. கஞ்சி போக அலசி, வெளுத்து எடுத்தால்தான் சாயம் சீராகப் பிடிக்கும். பிறகு துணியை அடுக்காக மடித்து, புள்ளி விழ வேண்டிய இடங்களை அடையாளம் செய்வார்கள். மடித்த துணியில் கட்டுவதால் ஒரு முடிச்சு பல மடிப்புகளிலும் புள்ளியாகும். இதற்குக் கணக்கு வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

முடிச்சுப் போடுவது பெண்கள் வேலை. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், திண்ணையிலோ நடையிலோ துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அடையாளம் வைத்த இடத்தை நகக்கண்ணால் கடுகளவு கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்கு நகர்வார்கள். சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி கலங்கும். அளவு மீறி இறுக்கினால் மெல்லிய துணி நைந்துபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பதம் விரலுக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுக்க வராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரும். அம்மாவுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் இக்கலை இறங்கிவந்த விதம் இதுதான். நெருக்கமாகப் புள்ளி விழும் சேலையில் முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் போகும். ஒன்றை முடிக்க நாட்கள் பல ஆகும். ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி முடிப்பதும் உண்டு. கை மாறிய இடம் பழகிய கண்ணுக்குத் தெரியும்: புள்ளி அங்கே ஒரு மயிரிழை பருத்தோ சிறுத்தோ இருக்கும்.

முடிச்சேறிய துணி சுருங்கி, பாகற்காய்த் தோல்போல் முள்ளு முள்ளாக இருக்கும். அது சாயக்காரரிடம் போகும். பழைய நாளில் அவுரி, சாயவேர், கடுக்காய் முதலியவற்றால் நிறமேற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ரசாயனச் சாயங்கள் வந்து சேர்ந்தன. வேலை சுருங்கியது, நிறங்களும் பெருகின. வைகைத் தண்ணீரில் அலசினால் சிவப்பு துலங்கும் என்பது பட்டறைகளில் பேசிவந்த நம்பிக்கை. ஆற்றில் நீர் இல்லாத மாதங்களில் மணற்பரப்பு உலர்த்தும் களமானது. பாலத்திலிருந்து குனிந்தால் நிறம் நிறமாகச் சேலைகள் நீண்டு கிடந்ததை மதுரைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். சாயக்கழிவும் அதே ஆற்றில்தான் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

காய்ந்த துணியின் இரு முனைகளை இருவர் பிடித்துச் சுண்டி இழுக்க, நூல்கள் படபடவென்று தெறித்து விழும். புள்ளிகள் முதன்முதலாகக் கண்ணில் படுவது அப்போதுதான். முடிச்சுப் போட்டவள் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்கமாட்டாள்.

மெழுகு

கைமுடிச்சு மெதுவான வேலை, கூலியோ சொற்பம். படித்த பெண்கள் வேறு வேலைக்குப் போகத் தொடங்கியதும் கட்டுக்காரிகள் குறைந்தார்கள். அந்த இடத்தை நிரப்பியது மெழுகு அச்சு. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையை முக்கித் துணியில் பதித்தால் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு இளகிவிடக் கூடாது என்பதால் இதற்குக் குளிர்ந்த நிலையில் பிடிக்கும் சாயமே சரிப்படும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் களைவார்கள். புள்ளி மட்டும் போட முடிந்த இடத்தில் மாங்காய், பூ, கொடி எல்லாம் சாத்தியமாயின. இன்று கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி இந்த வகை. அதற்கும் கீழே, திரை அச்சில் வெறும் புள்ளி அடித்த துணியும் அதே பெயரில் போகிறது.

மெழுகு அச்சை மட்டம் தட்டுவதற்கில்லை. சாயப் பட்டறைகளை மூடாமல் காத்தது அதுதான். அதற்கும் தேர்ந்த கை வேண்டும். குறை, பெயரில்தான் இருக்கிறது. முடிச்சே இல்லாத சேலையும் முடிச்சுச் சேலையும் ஒரே பெயரில், ஒரே அலமாரியில் அடுக்கப்படும்போது, பத்து நாள் குனிந்து கட்டியவளின் கூலிக்கு வாங்குபவரிடம் நியாயம் சொல்ல யாராலும் முடியாது. கட்டுச் சுங்குடி, மெழுகுச் சுங்குடி என்று இரண்டு சீட்டு ஒட்டி விற்பதே நேர்மை.

திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளபட்டியும் சுங்குடிக்குப் பேர்போன நெசவூர். மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றிய கடைகள் பழைய சந்தை. கோடையில் இச்சேலைக்குக் கிராக்கி கூடும். மெல்லிய பருத்தி வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். நைந்த சேலை தூளியாகி அடுத்த தலைமுறையைத் தாங்கும்.

வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. கட்டுச் சுங்குடியில் புள்ளிகள் அச்சடித்ததுபோல் ஒரே அளவாக இருக்காது; இஸ்திரி போடாத துணியில் முடிச்சு இருந்த இடம் சற்றே மேடிட்டுச் சுருங்கியிருக்கும். வாங்கியபின் முதல் அலசலைக் கல்லுப்புப் போட்ட தண்ணீரில், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகச் செய்து, நிழலில் உலர்த்துங்கள்.