பட்டியல் முந்தியது, நாவல் பிந்தியது: பதின்வயதினருக்கான நூல் பரிந்துரையின் அமெரிக்க வரலாறு

அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 1966இல் தன் ஆண்டுப் பட்டியலுக்கு ‘இளையோருக்கான சிறந்த நூல்கள்’ என்று பெயர் சூட்டியது. இளையோருக்கென்றே எழுதப்பட்ட நாவல் எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. பெரியவர்களுக்காக வெளியான நூல்களில் பதின்வயதினருக்கு ஏற்றவற்றைப் பொறுக்கித் தருவதே தேர்வுக் குழுவின் வேலை. இளையோர் நாவல் என்ற முத்திரையுடன் வந்த புத்தகங்களையும் குழு பரிசீலிக்கத் தொடங்கியது 1973இல்தான்.

இந்த ஏழாண்டு முரண் தற்செயலானதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்று புத்தகக் கடைகளில் தனி அடுக்கு பிடித்திருக்கும் ‘யங் அடல்ட்’ நாவல் முதலில் பிறந்தது, அதைச் சிபாரிசு செய்யும் ஆட்கள் பிறகு வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வது எளிது. வரலாறு வேறு மாதிரி நடந்தது. பதினான்கு வயதுப் பையனுக்கு எதைக் கொடுப்பது என்று நூலகர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடி, கிடைத்ததைக் கொண்டு பட்டியல் போட்டு, அதில் ஓட்டை விழுவதைக் கண்டு புலம்பிய பிறகே அந்த ஓட்டையை அடைக்கும் நாவல் எழுதப்பட்டது. நாவலின் வரலாற்றை எழுதியவர்கள் உண்டு. பட்டியலின் வரலாறு பெரும்பாலும் நூலகவியல் பாடநூல்களின் ஓர் அத்தியாயமாகச் சுருங்கிக் கிடக்கிறது.

வயதுக்கு ஒரு கோடு கிழிக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சாரா டிரிம்மர் 1802 முதல் 1806 வரை நடத்திய ‘தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்’ இதழ், பிள்ளைகளுக்கான நூல்களைத் தொடர்ந்து மதிப்பிட்ட முதல் ஆங்கில இதழ்களுள் ஒன்று. 14 வயது வரை குழந்தைகள், 14 முதல் 21 வரை இளையோர் என்று அவர் பிரித்தார். டிரிம்மரின் மதிப்புரைகளில் சிபாரிசைவிட எச்சரிக்கையே தூக்கல். தேவதைக் கதைகளையே அவர் சந்தேகத்தோடு பார்த்தார், சின்ட்ரெல்லாவுக்குக்கூட விலக்கில்லை. பரிந்துரையும் தடையும் ஒரே பேனாவிலிருந்து வந்தன என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டு நூலகராக இருந்த கரோலின் ஹியூயின்ஸ் 1882இல் ‘புக்ஸ் ஃபார் தி யங்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டார். அது பெற்றோரையும் பிள்ளைகளையும் நோக்கி எழுதப்பட்டது. பதின்வயது என்ற தனிப் பருவம் அதில் தெளிவாகப் பிரியவில்லை. பிரிய வேண்டிய தேவையும் அப்போது எழவில்லை. பதினான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட காலம் அது.

உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹாலின் ‘அடோலசென்ஸ்’ 1904இல் வந்தபோது அந்தப் பருவத்துக்கு அறிவுலகில் ஓர் இடம் கிடைத்தது. அதைவிட முக்கியம், உயர்நிலைப் பள்ளிகள் நிரம்பத் தொடங்கின. குழந்தைகள் அறையை விட்டு வெளியேறிய பிள்ளைகள் பெரியவர்கள் அறைக்குள் நுழையத் தயங்கி, நூலகத்தின் வாசலிலேயே தொலைந்துபோனார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் 1906 முதல் குழந்தைகள் பிரிவை நடத்திய ஆன் கரோல் மூர் இதைக் கவனித்தார். 1919இல் அவர் அழைத்துவந்த மேபல் வில்லியம்ஸ் பள்ளிகளோடு சேர்ந்து பணியாற்றி, பதின்வயதினருக்கென்று ஒரு தனிச் சேவையையே உருவாக்கினார். பின்னாளில் ‘புக்ஸ் ஃபார் தி டீன் ஏஜ்’ என்று புகழ்பெற்ற ஆண்டுப் பட்டியல் 1929இல் அங்கே தொடங்கியது. கிளீவ்லண்டு பொது நூலகம் 1925இலேயே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பெயரில் இளையோருக்கு ஒரு தனி அறை திறந்திருந்தது. 1930இல் அமெரிக்க நூலகச் சங்கமும் பட்டியல் போடத் தொடங்கியது.

இதே ஆண்டுகளில் சென்னையில் ஒருவர் இந்த வேலைக்கான தத்துவத்தை எழுதிக்கொண்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ 1931இல் சென்னை நூலகச் சங்க வெளியீடாக வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. நியூயார்க் பட்டியல், வாசகருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதியைக் கண்ணால் காட்டும் உதாரணம் போலவே இருக்கிறது. இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதாகக் கொள்ளத் தேவையில்லை. பொது நூலகம் என்ற ஏற்பாடு ஒரு கட்டத்தை எட்டியதும் அதே கேள்வி எங்கும் எழுந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் சற்று நின்று பார்க்க வேண்டியவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். டெக்சாசில் பிறந்து, லத்தீன் ஆசிரியையாக வேலை பார்த்து, 1932இல் பால்டிமோரின் இனாக் பிராட் பொது நூலகத்துக்கு வந்தவர். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நூலகரை அவருக்குப் பிடிக்காது. தன் பிரிவில் சேரும் உதவியாளர்கள் 300 நூல்களைப் படித்தாக வேண்டும் என்று விதித்தார். பத்துப் பத்தாகப் படித்து முடித்து அவரிடம் வந்து பேச வேண்டும். கதைச் சுருக்கம் ஒப்பிப்பதெல்லாம் செல்லாது. இந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளையிடம் கொடுப்பாய், என்ன சொல்லிக் கொடுப்பாய் என்பதே கேள்வி. அப்படித் தயாரானவர்களை நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, வகுப்பறையில் நின்று நூல்களைப் பற்றிப் பேசவைத்தார். போர்க்காலத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது குதிரை வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஏழை மக்கள் வாழும் தெருக்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார். தன் அனுபவங்களை 1969இல் ‘தி ஃபேர் கார்டன் அண்ட் தி ஸ்வார்ம் ஆஃப் பீஸ்ட்ஸ்’ என்ற நூலாக எழுதினார். துறையில் அவ்வளவு கூர்மையான, அவ்வளவு சிரிக்கவைக்கும் புத்தகம் இன்னொன்று இல்லை என்பது என் கணிப்பு.

ஆனால் எட்வர்ட்ஸ் கொடுத்தவை எவை? பெரும்பாலும் பெரியவர்களுக்கான நூல்கள். பதின்வயதினருக்கென்று அன்று வந்த காதல் கதைகளையும் தொழில் கதைகளையும் அவர் ஏளனம் செய்யவில்லை. அவற்றைப் படிக்கட்டாகவே கண்டார். நடன விருந்துக்கு யார் அழைப்பான் என்று ஏங்கும் நாயகியில் தொடங்கும் பெண், மெல்லப் பெரிய நாவலுக்கு ஏறிவிடுவாள் என்பது நம்பிக்கை. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜி. ராபர்ட் கார்ல்சன் 1967இல் வெளியிட்ட ‘புக்ஸ் அண்ட் தி டீனேஜ் ரீடர்’ நூலும் வாசிப்பைப் படிநிலைகளாகப் பார்த்தது. கதையில் தன்னை மறப்பது, கதையில் தன்னைக் காண்பது, வாழ்வின் பெரிய கேள்விகளைக் காண்பது, கடைசியில் கலையழகை ரசிப்பது என்று அந்த ஏணி உயர்கிறது. எங்கோ ஓரிடத்தில் ஏறி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தவரை, இடைப்படியில் நிற்கும் நாவலுக்குத் தனி மரியாதை கிடைக்க வழியில்லை. 1966 பட்டியலின் கதவு மூடியிருந்ததற்குக் காரணம் இந்த ஏணிதான்.

நாவல்கள் அதற்குள் வந்துகொண்டுதான் இருந்தன. மாரீன் டேலி கல்லூரிக் காலத்தில் எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ 1942இல் பெரியவர்களுக்கான நாவலாக வெளியாகி, பதின்வயதுப் பெண்களால் தத்தெடுக்கப்பட்டது. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’யும் 1951இல் பெரியவர்களுக்கென்றே வந்து, வாசகர்களால் வயது குறைக்கப்பட்டது. பதிப்பாளர் எந்த அடுக்கில் வைத்தாலும் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தேடி எடுத்தார்கள்.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் டேனியல் ஃபேடர். 1966இல் வந்த ‘ஹுக்ட் ஆன் புக்ஸ்’, மேக்சி என்ற சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் அவர் செய்த முயற்சியின் பதிவு. பள்ளியை மலிவுப் பதிப்புகளால் நிரப்பினார். முதுகு மட்டும் தெரியும்படி நூலக அடுக்கில் செருகாமல், மருந்துக்கடைகளில் இருப்பது போன்ற கம்பித் தாங்கிகளில் அட்டைப்படம் தெரிய வைத்தார். யாரும் சிபாரிசு செய்யவில்லை, அட்டை செய்தது. படிக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பையன்கள் படித்தார்கள். பட்டியலை நம்பி வாழ்ந்த துறைக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

அடுத்த ஆண்டு, 1967இல், எஸ். ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ வந்தது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்துப் பெண். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கியவர், புத்தகம் வெளியானபோது பதினெட்டு. ஆண் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடக்கூடாது என்று முதலெழுத்துகளோடு பெயர் போட்டது வைக்கிங் பதிப்பகம். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நூல் மதிப்புரைப் பகுதியில் ஹின்டன் எழுதிய கட்டுரை, நடன விருந்துக் கதைகள் பதின்வயதினரின் நிஜ வாழ்க்கையைத் தொடவில்லை என்று சாடியது. நூலகர்கள் பல காலமாக மெல்லிய குரலில் சொல்லிவந்த குறையை, அந்தப் பட்டியல்கள் யாருக்காகப் போடப்பட்டனவோ அந்தத் தரப்பிலிருந்தே ஒருவர் எழுந்து உரக்கச் சொன்னார். சாதாரண மலிவுப் பதிப்பாகக் கடைகளில் விற்றபோது நாவல் ஓடவில்லை, ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துவதைக் கண்ட பிறகே பதிப்பாளருக்கு அங்கே ஒரு சந்தை இருப்பது தெரிந்தது என்று ஹின்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பக்கத்து லோன் ஸ்டார் பள்ளி மாணவர்கள், தங்கள் பள்ளி நூலகரின் முயற்சியில், இதைப் படமாக எடுக்கச் சொல்லி இயக்குநர் கப்போலாவுக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். படம் 1983இல் வந்தது. பரிந்துரை கீழிருந்து மேலே போனதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1973க்குப் பிறகு பட்டியல் மாறியது, சண்டையும் மாறியது. ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’ 1974இல் வந்தபோது நூலகச் சங்கத்தின் ‘புக்லிஸ்ட்’ இதழ், மரண அறிவிப்பைப் போலக் கறுப்புக் கரை கட்டி மதிப்புரை வெளியிட்டது. நன்மை தோற்றுப்போகும் கதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்பதே கவலை. சங்கத்தின் இளையோர் பிரிவோ அதே நாவலைத் தன் சிறந்த நூல்கள் பட்டியலில் சேர்த்தது. ஒரே சங்கத்தின் இரண்டு கைகள் இரண்டு பக்கம் இழுத்தன.

இந்த இழுபறியை மறைக்காமல் எண்களாக்கிக் காட்டியது ‘வாய்ஸ் ஆஃப் யூத் அட்வகேட்ஸ்’ இதழ். டோரதி பிராடரிக்கும் மேரி கே. செல்டனும் 1978இல் தொடங்கிய அதில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு மதிப்பெண்: தரத்துக்கு 5 வரை, பிள்ளைகளிடையே எதிர்பார்க்கப்படும் வரவேற்புக்கு 5 வரை. தரத்தில் 5 வாங்கி வரவேற்பில் 1 வாங்கும் நாவலும் உண்டு, மறுதலையும் உண்டு. எட்வர்ட்ஸின் ஏணியில் இந்த இரண்டும் ஒரே கோட்டில் ஏறின. இங்கே அவை தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தன. கடந்த நூற்றாண்டு கண்ட மிக நேர்மையான மதிப்பீட்டு முறை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

யார் முகம் பட்டியலில் இல்லை என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்துவிட்டது. நான்சி லாரிக் 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் ஒரு கணக்குக் கொடுத்தார். 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் நூல்களில் கறுப்பின மக்கள் தென்பட்டவை 349, அதாவது 6.7 விழுக்காடு. நூலகர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு தேடினாலும் எழுதப்படாததைப் பரிந்துரைக்க முடியாது. இளையோர் நூலுக்கென 2000இல் தொடங்கிய பிரின்ட்ஸ் விருதின் முதல் நூலாகக் கறுப்பின எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ தேர்வானதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

டிரிம்மரின் பேனாவிலிருந்து வந்த தடையும் ஓயவில்லை. 1975இல் நியூயார்க் மாநிலத்து ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரிய உறுப்பினர்கள் மூவர், ஒரு பெற்றோர் அமைப்பின் மாநாட்டிலிருந்து ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலோடு திரும்பி, அதை வைத்துத் தங்கள் பள்ளி நூலகத்தைச் சலித்தார்கள். ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’, ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ முதலியவை நீக்கப்பட்டன. மாணவர் ஸ்டீவன் பிகோவும் நண்பர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மாணவர் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் காரணங்களில் ஐவருக்கும் ஒத்த கருத்து இல்லாததால் தீர்ப்பின் பிடி தளர்வாகவே நின்றது. 2021இல் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் மேட் கிராஸ் சுமார் 850 நூல்களின் பட்டியலைப் பள்ளி மாவட்டங்களுக்கு அனுப்பி, உங்களிடம் இவை இருக்கின்றனவா என்று கேட்டார். வடிவத்தில் அதுவும் ஒரு நூற்பட்டியல்தான். மேபல் வில்லியம்ஸ் பயன்படுத்திய கருவியைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 2003 முதல் ‘டீன்ஸ் டாப் டென்’ பட்டியலைப் பதின்வயதினரே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2014இல் வெளியான ஈ. லாக்ஹார்ட்டின் ‘வி வேர் லயர்ஸ்’ 2020இல் டிக்டாக் வாசகர்களின் அழுகைக் காணொளிகளால் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஃபேடரின் கம்பித் தாங்கி இப்போது கைப்பேசிக்குள் சுழல்கிறது, அவ்வளவுதான்.

கவனிக்கத் தக்கது வேறொன்று. 1998 முதல் ‘அலெக்ஸ்’ விருது ஒவ்வோர் ஆண்டும் பதின்வயதினருக்குப் பிடிக்கக்கூடிய பெரியவர்களுக்கான நூல்கள் பத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அலெக்ஸ் என்பது மார்கரெட் எட்வர்ட்ஸை நண்பர்கள் அழைத்த பெயர். 1966 பட்டியலின் பழைய வேலை அவர் பெயரிலேயே தொடர்கிறது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு: 2012இல் பௌக்கர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, இளையோர் நாவல்களை வாங்குபவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயது நிரம்பியவர்கள் என்று காட்டியது. அவர்களில் பலர் வாங்கியது தங்கள் சொந்த வாசிப்புக்கு.