உடன்படிக்கையும் சட்டமும்: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

பண்டைத் தமிழகத்தில் வேந்தர் இருவர் பகைத்து நின்ற காலத்து அவரிடையே சந்து செய்விக்கச் சென்றோர் புலவர். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் மலைந்தபோது கோவூர்கிழார் இடைநின்று உரைத்தமை புறநானூறு பயின்றார் யாவரும் அறிந்ததே. அன்று வேந்தன் சொல்லே சட்டம். அவன் மனம் மாறினால் போர் நிற்கும். இக்காலத்து நிலை வேறு. பாராளுமன்றம், அரசியலமைப்பு, நீதிமன்றம், திறைசேரி என ஆட்சிக்கு வாயில்கள் பல உள. தலைவர் இருவர் இணங்கியது இவ்வாயில்கள் அனைத்தையும் கடந்து செல்லுமாறு எழுதப்படல் வேண்டும். அவ்வெழுத்து வேலை சட்டம் வல்லார்க்கே உரியது. சமாதானப் பேச்சுகளுக்குத் துணைபுரிய ஐக்கிய நாடுகள் அவை 2008ஆம் ஆண்டில் வல்லுநர் குழுவொன்றை அமைத்தபோது, அரசியலமைப்பு ஆக்கத்திலே தேர்ந்தாரையும் அதிற் சேர்த்தமை இது பற்றியே. இலங்கைத் தமிழர் வரலாற்றில் இப்பணி எங்ஙனம் நடந்தது, எங்கே தளர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

யாழ்ப்பாண நாட்டில் போரின்பின் சட்டம் எழுதப்பட்ட முதற் பெருநிகழ்ச்சி ஒல்லாந்தர் காலத்தது. 1658ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கேயர் கைவிட்டுப் போயிற்று. வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, ஊர்காவற்றுறை முதலிய ஊர்கள் அடங்கிய தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் எனப் பெயரிட்டனர். பெயரை மாற்றிய அவர்கள் மக்களின் வழக்கத்தை மாற்ற முயலவில்லை. கிளாஸ் ஐசாக் என்னும் திசாவை நெடுங்காலம் இந்நாட்டில் வாழ்ந்து அறிந்த வழமைகளைத் திரட்டி 1707இல் தேசவழமையைத் தொகுத்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமார் முன் வைக்கப்பட்டு, அவர்தம் ஒப்புதலையும் பெற்றது. பின்வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதனை நிலைநிறுத்தினர். அப்பன்னிருவரும் மேற்குடியினர் என்பதும், அடிமை முறையையும் அத்தொகுப்பு ஏற்றுக்கொண்டது என்பதும் மறக்கற்பாலன அல்ல. எழுதுமிடத்தில் எவர் இருக்கின்றாரோ அவர் நலனே முதலில் எழுத்தேறும். எனினும் எழுதியது சட்டமாயிற்று. ஆள்வோர் மாறியும் அது மாறவில்லை.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோமாயின், 1957 யூலை 26ஆந் தேதி கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் முதலில் நிற்கும். இராணி அப்புக்காத்தராகிய செல்வநாயகத்தின் பக்கத்தில் சட்ட நுட்பம் அறிந்தவராக இருந்தோருள் ஒருவர் வி. நவரத்தினம். தீவகத்துக் கரம்பனைச் சேர்ந்த இவர் பின்னர் 1963 முதல் 1970 வரை ஊர்காவற்றுறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், மண்கும்பானும் அத்தொகுதியின்பாற்பட்டதே. ஒப்பந்தம் சிறியது. வடமாகாணம் ஒரு பிராந்தியமாதல், கீழ்மாகாணம் இரண்டோ பலவோ பிராந்தியங்களாதல், பிராந்தியங்கள் மாகாண எல்லை கடந்தும் இணையலாம் என்பது, காணி, குடியேற்றம், விவசாயம், கல்வி, கடற்றொழில், நீர், தெருக்கள் முதலியவற்றில் பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் என்பன அதன் உயிர்நிலைகள். கடலும் மணலும் நன்னீருமே செல்வமாகக் கொண்ட தீவகத்தார்க்கு இப்பட்டியல் எத்துணை நெருக்கமானது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் அதிகாரங்கள் யாவும் வரப்போகும் சட்டமொன்றில் விரித்துரைக்கப்படும் என்றே ஒப்பந்தம் கூறிற்று. அச்சட்டம் எந்நாளில் வரவேண்டும் என்பது அதில் இல்லை. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் அத்தகைய சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதியதாயிருந்தும், மசோதா சட்டமாகு முன்னரே காலம் கடந்தது. 1958 ஏப்பிரில் 9ஆந் தேதி பிக்குமார் கொழும்பு றொஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமர் இல்லத்தின் முன் திரண்டு, ஒப்பந்தம் கைவிடப்பட்டது என்பதை எழுத்திலே பெற்றுச் சென்றனர். வாய்ச்சொல் போதாது என்பதை ஒப்பந்தத்தை ஒழிக்க வந்தோர் நன்குணர்ந்திருந்தனர் போலும். மூன்றே பிரிவுகள் கொண்ட 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நின்று நிலைக்க, இருதரப்பும் பல நாள் பேசி இணங்கிய ஒப்பந்தம் நீதிமன்ற வாயிலைக்கூட அணுகவியலாத காகிதமாயிற்று. ஒப்பந்தத்தை எழுதியோர் திறமையில் குறை கண்டார் அல்லர் பலர். அன்றைய எதிர்ப்பை எந்த எழுத்தும் தடுத்திராது என்பதும் ஓரளவு உண்மையே. ஆயினும் ஒன்பது மாத காலம் வீணே கழிந்தது என்பது அதனினும் பெரிய உண்மை.

1965 மார்ச்சு 24ஆந் தேதிய டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் இதனினும் சுருங்கியது. பிராந்திய சபைக்குப் பதில் மாவட்ட சபை. முன்னாள் சொலிசிற்றர் ஜெனரலாகிய மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராயிருந்து முயன்றும், மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968இல் கைவிடப்பட்டது. நவரத்தினம் அவ்வாண்டே தமிழரசுக் கட்சியை விட்டு நீங்கி, பின் தமிழர் சுயாட்சிக் கழகத்தை நிறுவினார்.

1987 யூலை 29ஆந் தேதிய இந்திய – இலங்கை ஒப்பந்தம் ஒருவாற்றால் முன்னைய இரண்டினும் மேம்பட்டது. அது சில மாதங்களுள் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமாகவும், 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமாகவும் உருக்கொண்டது. உயர்நீதிமன்றத்து ஒன்பது நீதியரசரும் ஐவர் ஒருபாலும் நால்வர் ஒருபாலுமாகப் பிரிந்த நிலையில் அது மயிரிழையில் தப்பிற்று. எனினும் வடக்குக் கிழக்கு இணைப்பிலே முடிச்சுத் தளர்ந்தது. படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட்டுப் போர் ஓய்ந்தது எனச் சனாதிபதி திருப்தியுற்ற பின்னரே இரு மாகாணங்களை இணைக்கலாம் என்பது மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு. போரோ ஓயவில்லை. சனாதிபதி ஜெயவர்த்தனா 1988 செப்டெம்பரில் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவசரகால விதியொன்றை ஆக்கி, அதனால் அந்நிபந்தனையைத் தளர்த்தி, இணைப்பைப் பிரகடனஞ் செய்தார். கிழக்கில் நடத்தவேண்டிய மக்கள் தீர்ப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. பதினெட்டாண்டு கழித்து, 2006 ஒக்டோபர் 16ஆந் தேதி, உயர்நீதிமன்றம் அவ்விணைப்பு தொடக்கத்திலேயே செல்லாதது எனத் தீர்த்தது. அவசரகால விதியால் அந்நிபந்தனையை மாற்றியது சட்டத்துக்கு முரண் என்பதே காரணம். தீர்ப்பின் அரசியல் குறித்து எவரும் எதுவும் கூறலாம். ஆனால் பிரகடனத்தை எழுதியோர் அத்தீர்ப்புக்கு வேண்டிய கருவியைத் தாமே வைத்துப் போயினர் என்பதை மறுத்தல் அரிது. பாராளுமன்றில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியிருப்பின் அக்கருவி கிடைத்திராது. பிராந்தியங்கள் மாகாண எல்லை கடந்து இணையலாம் என்ற 1957ஆம் ஆண்டின் வாசகத்துக்குத் துணைநின்ற நவரத்தினம் அவ்வாண்டின் இறுதியிலேயே கனடாவில் மறைந்தார்.

இதற்கிடையே நோர்வேயின் அனுசரணையுடன் நடந்த முயற்சி ஒன்றுண்டு. 2002 பெப்ரவரி 22ஆந் தேதிய போர்நிறுத்த உடன்படிக்கையில் அரசின் சார்பிற் கைச்சாத்திட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. முப்படைகளின் தலைமையோ வேறு கட்சியினரான சனாதிபதியிடம் இருந்தது. பதினான்கு நாள் அறிவித்தல் தந்து எத்தரப்பும் விலகலாம் என்பது அதன் விதி. 2008 சனவரியில் அவ்விதிப்படியே அது முடிவுற்றது. விடுதலைப் புலிகளின் பக்கத்திலும் சட்டத் துணை இருந்தது. நியூ யோர்க்குச் சட்டத்தரணி வி. உருத்திரகுமாரன் முதலியோர் பாரிசிலும் அயர்லாந்திலும் கூடி ஆராய்ந்ததன் பயனாக, இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை பற்றிய முன்மொழிவு 2003 ஒக்டோபர் 31ஆந் தேதி வெளிவந்தது. அதிற் சட்டப் புலமைக்குக் குறைவில்லை. ஆனால் நடைமுறையிலிருந்த அரசியலமைப்போடு அதனைப் பிணைக்கும் பாலம் அதில் இடப்படவில்லை. நாலாம் நாள் சனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கையிற் கொண்டார்.

ஆழிப்பேரலையின் பின் 2005 யூன் 24ஆந் தேதி அரசும் புலிகளும் செய்துகொண்ட நிவாரணப் பொதுக்கட்டமைப்புக்கும் இதே கதியே. அடுத்த மாதம் 15ஆந் தேதி உயர்நீதிமன்றம் அதன் பிராந்திய நிதியத்தையும், பிராந்தியக் குழுவின் இருப்பிடம் கிளிநொச்சி என்பதையும் இடைக்காலத் தடையால் நிறுத்திற்று. அரசின் பணம் எவ்வழி வரவேண்டும், எவ்வழி போகவேண்டும் என்பதை அரசியலமைப்பு வரையறுத்திருக்கப் புதியதொரு நிதியத்தைப் புரிந்துணர்வுக் கடிதம் ஒன்றினால் மாத்திரம் ஆக்க முற்பட்டமை வழக்குக்கு வாயில் திறந்தது.

அதே ஆழிப்பேரலையால் அழிந்த ஆச்சேயில் நடந்தது ஒப்பிடத்தக்கது. இந்தோனேசிய அரசும் ஆச்சே இயக்கத்தாரும் 2005 ஆகத்து 15ஆந் தேதி எல்சிங்கியிற் செய்துகொண்ட புரிந்துணர்வு, ஆச்சே ஆட்சி பற்றிய புதுச் சட்டம் 2006 மார்ச்சு 31ஆந் தேதிக்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என நாளையே குறித்து வைத்தது. சில மாதம் பிந்தியேனும், இயக்கத்தார் விரும்பியது முற்றும் அமையாவிடினும், 2006ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1998 ஏப்பிரிலில் வட அயர்லாந்து உடன்படிக்கை கைச்சாத்தாகி ஆறு வாரத்துள் அயர்லாந்தின் இரு பகுதியிலும் மக்கள் தீர்ப்பு நடந்தது; அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அவ்விடங்களிலும் வஞ்சமும் ஐயமும் குறைவாயிருந்தன என்பதற்கில்லை. அங்கே பேச்சிலேயே சட்டத்தின் நாளும் வழியும் பேசப்பட்டன.

எஞ்சி நிற்பது காணி. பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலிற் சேர்த்து, அதே மூச்சில் பின்னிணைப்பொன்றைக் காட்டி அரச காணி குடியரசுக்குரியது என்றது. நியமங்களை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமையும் என்றும் அப்பின்னிணைப்புக் கூறிற்று. வடமாகாண சபைக்கு முதற்றேர்தல் 2013 செப்டெம்பர் 21ஆந் தேதி நடந்தது. 26ஆந் தேதி, மலையகத் தோட்டக் காணி வழக்கொன்றில், அரச காணி மீதான அதிகாரம் மாகாண சபைகளுக்கு இல்லை என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987இல் வாக்களிக்கப்பட்ட காணி ஆணைக்குழு அன்றுவரை அமைக்கப்பட்டிருக்கவில்லை. 1990இல் தீவகத்திலிருந்து பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, மீண்டு வந்து மண்கும்பானிலும் அயலூர்களிலும் தம் காணி எல்லைகளைத் தேடிய மக்களுக்கு, அவற்றை எவர் அளப்பது, எவர் எடுப்பது, எவரிடம் முறையிடுவது என்ற வினாக்களின் விடை கொழும்பிலேயே இருந்தது.