பெய்ரோனி நோய்: நூற்றாண்டுகள் கடந்த மருத்துவத் தேடல்

விறைக்கும்போது ஆண்குறி ஒரு பக்கமாக வளைவதே பெய்ரோனி நோயின் முதன்மை அடையாளம். பதினைந்தாம் லூயி மன்னரின் தலைமை அறுவை மருத்துவரான பிரான்சுவா த லா பெய்ரோனியின் பெயர் இதற்கு நிலைத்தது. இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபலோப்பியோ 16ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறிப்பிட்டிருந்தாலும், தெளிவாக விளக்கியவர் பெய்ரோனிதான். 1743இல் வெளியான கட்டுரையில், ஆண்குறி நெடுகிலும் ஜெபமாலை மணிகளைப்போல் தட்டுப்படும் கட்டிகளை அவர் விவரித்தார். பைரனீஸ் மலையிலுள்ள பரேஜ் வெந்நீர் ஊற்றின் கந்தக நீரையே மருந்தாகப் பரிந்துரைத்தார்.

காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. மேகநோய் என்று எண்ணிப் பாதரசமும் அயோடைடும் கொடுத்தார்கள். பின்னர் மின்சாரம், கதிர்வீச்சு, 1940களில் வைட்டமின் ஈ என்று முயன்றார்கள். எதிலும் உறுதியான பலன் கிடைக்கவில்லை.

விறைப்பின்போது ரத்தம் நிறையும் இரு திசுக் குழல்களையும் வெண்ணிறமான வலிய உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. அது மடங்கி நுண்ணிய காயம் படும்போது, சிலருக்கு அந்த இடம் சரியாக ஆறாமல் தழும்பாக இறுகிவிடுகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். தழும்பு விரியாததால் குறி அதன் பக்கமே வளைகிறது. நடுவயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது மிகுதி. நீரிழிவு உள்ளவர்களிடமும், விரல்கள் உள்ளங்கை நோக்கி மடங்கும் டுப்யுட்ரன் நோய் உள்ளவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

நோய்க்கு இரு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு கூடிக்கொண்டே போகும். பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வலி அடங்கி வளைவு நிலைபெறும். சிலருக்கு விறைப்புக் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

பிறவி வளைவை நிமிர்த்த அமெரிக்க மருத்துவர் நெஸ்பிட் 1965இல் ஒரு முறையை வெளியிட்டார்: வளைவுக்கு எதிர்ப்பக்கத்து உறையில் சிறு பகுதியை வெட்டித் தைப்பது. பின்னர் அது பெய்ரோனி நோய்க்கும் பயன்பட்டது. நீளம் சற்றுக் குறைவது அதன் குறை. வளைவு மிகுந்தவர்களுக்குத் தழும்பைப் பிளந்து அங்கே ஒட்டுத்திசு வைக்கப்படுகிறது. விறைப்பே வராதவர்களுக்கு, 1970களில் பரவிய செயற்கை உள்பொருத்திகள் கைகொடுக்கின்றன. தழும்பின் கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2013இல் ஒப்புதல் அளித்தது.

அறுவை சிகிச்சை, வளைவு நிலைபெற்ற பிறகே செய்யப்படுகிறது. கட்டியாகத் தட்டுப்படும் இந்தத் தழும்பு புற்றுநோய் அல்ல. ஆனாலும் புதிதாகத் தட்டுப்படும் எந்தக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டியே உறுதிசெய்ய வேண்டும். வெட்கத்தால் மறைப்பது, முதல் கட்டத்திலேயே கிடைக்கக்கூடிய உதவியை இழக்கச் செய்கிறது.