கூண்டுக்குள் பிறந்த ஆல்ஃபா

கோப்பி எங்கள் வீட்டுக்கு வந்தது 2020இல், நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த நேரத்தில். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஜாகா கொட்டாய்க்குப் பின்னால் ஒரு தெருநாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று. பால் கலந்த கோப்பி நிறம், அதனால் அந்தப் பெயர். பெயர் வைப்பதில் எங்கள் குடும்பத்துக்குக் கற்பனை பத்தாது. அதற்கு முன் இருந்தவை பிளேக்கி, பிரௌனி, டைகர்.

எட்டு மாதம் ஆனபோது ஒருநாள் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போனேன். உறுமியது. அந்த வாரம்தான் நாய் பழக்கும் காணொளி ஒன்றைப் பார்த்திருந்தேன். உறுமினால் விடக்கூடாது, மல்லாக்கப் புரட்டிக் கழுத்தைத் தரையோடு அழுத்திப் பிடி, வீட்டில் யார் ஆல்ஃபா என்று காட்டு என்றார் அதில் வந்தவர். அப்படியே செய்தேன். முதலில் திமிறியது. அப்புறம் அசையாமல் கிடந்தது. தரையில் மூத்திரம் போனது. காணொளிக்காரர் இதைத்தான் 'அடங்குவது' என்று சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு மூன்று முறை செய்தேன். உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து அம்மா குனிந்து அதன் தட்டை எடுக்கப் போனார். கோப்பி ஒரு சத்தமும் போடாமல் கடித்தது. நான்கு தையல். உறுமியிருந்தால் அம்மா கையை இழுத்திருப்பார். அந்த எச்சரிக்கையைத்தான் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"சங்கிலி போடு. இல்லன்னா கொண்டுபோய் விட்டுரு" என்றார் அப்பா. எங்கள் ஊரில் 'கொண்டுபோய் விடுவது' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் பசார் பக்கம் காரை நிறுத்தி, மீன் வாடை வரும் இடமாகப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

ஃபேக்டரியில் ஒரு மெஷின் தொடர்ந்து மக்கர் செய்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள். முதல் பதிலோடு நிறுத்தக்கூடாது. அந்த வாரம் இரவுகளில் அதைத்தான் செய்தேன். நாயை மல்லாக்கப் புரட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?

இந்தப் புரட்டலைப் பரவலாக வீடுகளுக்குள் கொண்டுவந்தவர்கள் துறவிகள். நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்ற மடத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துவந்த கிறிஸ்தவத் துறவிகள் 1978இல் ஒரு புத்தகம் போட்டார்கள். நாயின் உற்ற நண்பனாவது எப்படி என்பது தலைப்பின் பொருள். அதில்தான் 'ஆல்ஃபா புரட்டல்' இருந்தது. புத்தகம் நன்றாக விற்றது. 2002இல் வந்த மறுபதிப்பில் அதே துறவிகள் இந்தப் புரட்டலை இனிப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் 2004இல் சீசர் மிலனின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 'கூட்டத் தலைவன்' என்ற பேச்சு உலகம் முழுக்கப் போனது. எழுதியவர்கள் கைவிட்ட பிறகுதான் எங்கள் தாமான் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, துறவிகளுக்கு எங்கிருந்து கிடைத்தது? ஓநாயிடமிருந்து. நாய் ஓநாய் வழி வந்தது, ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் சண்டை போட்டு மேலே வருகிறான், ஆகவே வீட்டில் நீ சண்டை போட்டு மேலே இரு. கேட்க ஒழுங்கான தர்க்கம் மாதிரிதான் இருக்கும்.

ஓநாய்களைப் பற்றிய அந்தச் செய்தியின் ஊற்று 1947ஆம் ஆண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் விலங்கியலாளர் பாசல் நகர மிருகக்காட்சி சாலையில் இருந்த ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார். உடல்மொழியைப் பதிவுசெய்த விதத்தில் இன்றும் மதிக்கப்படும் வேலை அது. வால் எந்த உயரத்தில் நிற்கிறது, காது எந்தப் பக்கம் மடிகிறது என்று அவ்வளவு நுணுக்கம். ஆனால் அவர் பார்த்த இடம்? சுமார் 10 மீட்டருக்கு 20 மீட்டர். அதில் ஒரே சமயத்தில் பத்து ஓநாய்கள் வரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டரை பேட்மிண்டன் கோர்ட். காட்டில் ஒரு கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் எல்லை இருக்கும். வளர்ந்த ஓநாய் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போய்விடும். பாசலில் போக இடமில்லை. சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் 'முதல் ஓநாய்' பிறந்தது.

1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அன்றைக்கு இருந்த அறிவையெல்லாம் திரட்டியபோது ஷெங்கலின் கருத்தும் உள்ளே வந்தது. 'ஆல்ஃபா' என்ற சொல் அந்த நூல் வழியாகப் பொதுமக்களிடம் போனது. அதற்குப் பிறகு மெக் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. 1986இலிருந்து கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் போய் உட்கார்ந்தார். அங்கே ஓநாய்கள் மனிதனைப் பார்த்து ஓடாது, அதனால் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. பதின்மூன்று கோடைகள். பார்த்தது ஒரு குடும்பத்தை. அப்பா, அம்மா, இந்த வருடக் குட்டிகள், போன வருடக் குட்டிகள். தலைமைக்கான சண்டை என்று எதுவும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் துணை தேடி வெளியேறிவிடுகின்றன. 1999இல் கட்டுரை எழுதினார். ஓநாயை ஆல்ஃபா என்பது நம் வீட்டில் அப்பா அம்மாவை ஆல்ஃபா என்று அழைப்பது போல, சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். தன் பழைய நூலை நிறுத்தும்படி பதிப்பாளரைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல்தான் நின்றது. நான் கோப்பியைப் புரட்டியபோது அந்தப் புத்தகம் இன்னும் கடையில் இருந்திருக்கிறது.

மல்லாந்து படுப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓநாய்கள் மல்லாக்கின்றன, உண்மை. ஆனால் மேலே இருப்பது கீழே இருப்பதைப் புரட்டுவதில்லை. இளையது தானாகவே படுத்து வயிற்றைக் காட்டுகிறது. காலில் விழுவதற்கும், பிடரியைப் பிடித்துக் காலில் தள்ளப்படுவதற்கும் உள்ள வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே படம்.

ஓநாய்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. நாயை வலியால் பழக்குவது ஆல்ஃபா கோட்பாட்டுக்கு முந்தியது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடுதான் நவீன நாய்ப் பயிற்சியின் தொடக்கம் என்பார்கள். முள்பட்டை, பிரம்பு எல்லாம் அதில் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், வெகுமதி எந்தக் கணத்தில் தரவேண்டும், ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாக எப்படிக் கட்டவேண்டும் என்பதெல்லாம், ஸ்கின்னர் ஆய்வகத்தில் எழுதுவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பிரம்பு. போர் வந்தது, நாய்கள் ராணுவத்துக்குப் போயின. இரண்டாம் உலகப் போரில் ராணுவ நாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர், பிறகு டிஸ்னி படங்களுக்கு நாய் பழக்கினார். அவருடைய 1962ஆம் ஆண்டுப் புத்தகம் அமெரிக்க வீடுகளில் வேதம் மாதிரி. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அதே குழியில் தண்ணீர் நிரப்பி நாயின் தலையை அதில் அமுக்குவது. போர்முனைக்குப் போகவேண்டிய மிருகத்துக்கான அவசரம், பூச்செடி காப்பாற்ற வீட்டுக்குள் வந்துவிட்டது.

இன்னொரு பாதையும் இருந்தது. பாவ்லோவ் எல்லோருக்கும் தெரியும், மணியடித்தால் எச்சில். (மணியைவிட மெட்ரோனோம்தான் அதிகம் பயன்படுத்தினாராம். 1904இல் நோபல் வாங்கியதும் இதற்கில்லை, செரிமான ஆய்வுக்கு.) ஸ்கின்னர் 1951இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில், யார் வேண்டுமானாலும் வீட்டில் நாயைப் பழக்கலாம், 'டிக் டிக்' என்று சத்தம் போடும் தகர விளையாட்டுச் சாமானும் கொஞ்சம் தீனியும் போதும் என்று எழுதினார். அவரிடம் படித்த கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் அதற்கும் முன்பே 1940களில் அதைத் தொழிலாகவே செய்தார்கள். கோழிக்குப் பியானோ தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நாய் பழக்குபவர்கள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் சங்கிலி இருக்கும்போது தகரச் சாமான் எதற்கு?

மாற்றம் வந்தது சங்கிலி போட முடியாத ஒரு பிராணியால். 1960களில் ஹவாயின் கடல் பூங்காவில் கேரன் பிரையர் டால்ஃபின் பழக்கினார். டால்ஃபினை அடித்தால் அது நீந்திப் போய்விடும், அவ்வளவுதான். மிரட்ட வழியே இல்லாததால், விசிலும் மீனும் வைத்துச் சரியான செயலை மட்டும் பிடித்துப் பிடித்துச் சொல்லவேண்டியிருந்தது. அவர் 1984இல் எழுதிய புத்தகமும், தொண்ணூறுகளில் நடத்திய பட்டறைகளும்தான் கிளிக்கரை நாய்க்காரர்களிடம் சேர்த்தன. 2008இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் ஆதிக்கக் கோட்பாட்டின் பேரில் நாயைப் பழக்குவதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டது.

யுனிவர்சிட்டியில் கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவனுக்கு இது உடனே புரியும். பின்னூட்டம் தாமதமானால் சிஸ்டம் தப்பாகக் கற்கும். நாய் உட்காருகிறது, நீங்கள் பையைத் துழாவி பிஸ்கட் எடுக்கிறீர்கள், அதற்குள் மூன்று விநாடி, அது எழுந்துவிட்டது. பிஸ்கட் எதற்குக் கிடைத்தது? கிளிக் சத்தம் அந்த மூன்று விநாடியை அடைக்கிறது. என் கேள்விக்கும் இங்கே பதில் இருந்தது. கோப்பியைப் புரட்டியபோது அது கற்றது 'எலும்பைக் காப்பாற்றாதே' என்பதல்ல. 'இவர்கள் கிட்ட வந்தால் ஆபத்து, உறுமினால் இன்னும் ஆபத்து.'

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பாசல், ஓநாய், பேட்மிண்டன் கோர்ட். பொறுமையாகக் கேட்டார். "எஸ்டேட்ல எங்க நாய்க்கு எவன்டா சங்கிலி போட்டான்?" என்றார் திடீரென்று. அப்பா பிறந்தது கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்துக்கு லயம் நாய்கள் இருக்குமாம். எது யாருடையது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. கருவாட்டுத் தலையும் மிச்சச் சோறும் எந்த வீட்டில் விழுமோ அங்கே ராத்திரி படுக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது கூடவே வரும், பாம்பு இருந்தால் முன்னாடி நின்று குரைக்கும். யாரும் எதையும் பழக்கவில்லை. பிடிக்காத பிள்ளை கல் எறிந்தால் அது எழுந்து அடுத்த லயத்துக்குப் போய்விடும்.

தோட்டம் கைமாறி, தாத்தா குடும்பம் தாமானுக்கு வந்தபோது ஒரு நாயும் கூட வந்தது. டைகர். இங்கே வேலி இருந்தது, கேட் இருந்தது, குரைத்தால் புகார் சொல்லும் அக்கம்பக்கம் இருந்தது, நாய் பிடிக்கும் லாரி இருந்தது. டைகருக்குச் சங்கிலி வந்தது. ஆறடி இருக்கும். நான் பார்த்த டைகர் அந்த ஆறடிக்குள் போவோர் வருவோரை எல்லாம் பார்த்து வெறிபிடித்த மாதிரி குதிக்கும். 'ரொம்ப ரோஷமான நாய்' என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அது ரோஷம் என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டைகர் எஸ்டேட்ல அப்படி இல்லடா" என்றார் அன்றைக்கு. அதற்கு மேல் பேசவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். மாடு பிடிக்க வந்த கள்வர்களை எதிர்த்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், கோவிவன். அந்தப் பெயரை முதலில் படித்த இரவு எனக்கு டைகர் ஞாபகம்தான் வந்தது.

கோப்பியைக் கொண்டுபோய் விடவில்லை. சங்கிலியும் போடவில்லை. முதல் ஒரு மாதம் அது சாப்பிடும்போது யாரும் கிட்டப் போகக்கூடாது என்று சட்டம். அப்புறம் தூரத்தில் நின்று தட்டின் பக்கம் ஒரு கோழித்துண்டை எறிந்துவிட்டுத் திரும்பி நடப்பேன். வாரத்துக்கு ஓரடி நெருக்கம். ஆள் கிட்ட வந்தால் தட்டு போகாது, தட்டுக்குக் கூடுதலாக வரும் என்று அதற்குப் புரிய நான்கு மாதம் பிடித்தது. நடுவில் ஒருநாள் மறுபடியும் உறுமியது. அம்மா பயந்து பின்வாங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உறுமல் திரும்பி வந்துவிட்டதே என்று. அம்மாவுக்கு அது விளங்கவேயில்லை. "கடிச்ச நாய் உறுமுது, இவன் சிரிக்கிறான்" என்று அத்தையிடம் போனில் சொன்னார். அம்மா இன்றுவரை அதன் தட்டைத் தொடுவதில்லை. நான் தொடச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

அப்பாதான் இப்போது பயிற்சியாளர். தினமும் சாயங்காலம் பிஸ்கட் டின்னோடு வாசலில் உட்கார்ந்து 'சிட்' என்பார். கோப்பி உட்காரும். அப்பா மூடியைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, உடையாத பிஸ்கட்டாகத் தேடி எடுப்பதற்குள் அது எழுந்துவிடும். அப்போதுதான் கொடுப்பார். விளைவு, எங்கள் நாய் 'சிட்' என்றால் உட்கார்ந்து உடனே எழுந்து நிற்கிறது. கிளிக்கர் வாங்கிக் கொடுத்தேன். அது டின்னுக்குள் பிஸ்கட்டோடு கிடக்கிறது.