மகேந்திரன் விலக்கிய நான்கு

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை எடுத்தான் என்கிறது மண்டகப்பட்டுக் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசித்திரசித்தன் என்ற பட்டம் பூண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையோடு விலக்கிய அந்த நான்கையும் குடியானவர்கள் கைவிடவில்லை. அந்தக் குடைவரையைச் சுற்றி, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை, அந்தப் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம் என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்தில் கூரை மரம் என்றால் பெரும்பாலும் பனைதான். தேக்கு கிடைத்தால் அது வாசற்காலோடும் கதவோடும் நின்றுவிடும். தேக்கு போன்ற மரங்களுக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளிப்புறத்தில். ஆகவே முதிர்ந்த மரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த புறப்பகுதியைக் கைமரமாக்கினார்கள். அறைகள் அகலம் குறைந்து நீண்டு கிடப்பதைக் கண்டு வறுமை என்று எண்ணிவிடக் கூடாது. கைமரம் தொய்யாமல் தாங்கும் நீளமே அறையின் அகலம்.

அடுத்து, செங்கல்லைப் போலவே சுட்ட மண்ணான ஓடு. வீட்டின் வயதைச் சொல்வதில் அது உதவும், ஏமாற்றவும் செய்யும். குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு நெருக்கமான வரிச்சின்மேல் அடுக்கப்படுவது. சீமை ஓட்டுக்கு இடைவெளி விட்ட சட்டங்கள் போதும். அந்தச் சீமை ஓட்டுக்குப் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். சீமை ஓட்டுக்கு அடியிலுள்ள கைமரத்தில் பழைய வரிச்சின் தழும்புகள் நெருக்கமாகத் தெரிந்தால், வீடு ஓட்டைவிட மூத்தது. கதவையும் பாருங்கள். கீல் இல்லாமல், மேலும் கீழும் குழியில் குடுமி சுழலும் கதவாக இருந்தால் அது பழைய தச்சு முறை. உலோகத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் வேலை: தாழ்ப்பாள், சில ஆணிகள்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தஞ்சைப் பகுதிக் குடியானவர் வீடு ஒன்று உண்டு. அது நெல்லின் வீடு. மண்டகப்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனம் எட்டாத நிலமெல்லாம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் விளையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குக் கப்பலேறியது. கூரை வீடுகள் பல ஓட்டு வீடுகளானதில் அந்தக் காசுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. மூட்டை அடுக்கத் தாழ்வாரம், காயவைக்கக் களம், கணக்குப் பார்க்கத் திண்ணை என்று வீட்டின் உறுப்புகள் தொழிலிலிருந்தே முளைத்தவை. செட்டிநாட்டுத் தூண்களை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஊருக்கும் சேரிக்கும் இருந்த வேறுபாடு கூரையிலேயே எழுதியிருந்தது. ஓடு யாருக்கு, ஓலை யாருக்கு என்பதைக் காசு மட்டும் தீர்மானிக்கவில்லை. அதை விட்டுவிட்டுத் திண்ணையின் அழகை மட்டும் பேசுவது அரைகுறை ரசனை.

கடைசியாகச் சுண்ணாம்பு. மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசிய சுவர், உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் அடைபட்டு, உள்ளிருக்கும் மண்ணும் செங்கல்லும் இளகும். சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பிறகு சுவர்மேல் பழி விழும், வீடு இடிபடும். பழுதைவிட இப்படிப் பழுதுபார்த்தே நாம் இழந்த வீடுகள் அதிகம் என்று கருதுகிறேன்.

இதைப் படிப்போரில் யாரிடமாவது இப்படியொரு வீடு இருந்தால், சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள். இடிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் அறை அறையாக அளந்து ஒரு வரைபடம் போட்டு, படமெடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் சொல்லும் பெயரை எழுதி வையுங்கள்.