பழைய பிக்கப் டிரக்குகளின் மீட்டர் போர்டு: சீரமைப்பும் மாற்றியமைப்பும்

மீட்டர் போர்டு என்பது ஸ்பீடோமீட்டர், எரிபொருள் மீட்டர், இன்ஜின் வெப்பம், ஆயில் அழுத்தம், பேட்டரி சார்ஜ் ஆகியவற்றைக் காட்டும் கருவிகளை ஒரே சட்டத்தில் இணைத்து ஓட்டுநரின் கண்முன் நிறுத்தும் பகுதி. அமெரிக்கப் பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிப்பவர்கள் வண்டியின் உடல், பெயின்ட், இன்ஜின் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிக நேரம் செலவிடுவது இதில்தான். இக்கட்டுரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967 முதல் 1972 வரை தயாரித்த செவ்ரோலே சி10 வரிசையை முதன்மையாகக் கொண்டது. வேறுபாடு முக்கியமாகும் இடங்களில் அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 வண்டியும் பேசப்படுகிறது.

சி10 வண்டியில் இருவகை போர்டுகள் வந்தன. அடிப்படை மாடலில் வேகமும் பெட்ரோல் அளவும் மட்டுமே முள்ளால் காட்டப்பட்டன. மற்றவற்றுக்கு எச்சரிக்கை விளக்குகள். கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு முழு மீட்டர்கள் கிடைத்தன. விளக்கு போர்டைக் கழற்றிவிட்டு மீட்டர் போர்டை மாட்டுவதே இன்றும் பரவலாக நடக்கும் மாற்றம். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே சட்டம் போலிருந்தாலும் பின்புறம் ஒட்டியிருக்கும் செம்புத் தடம் பதித்த பிளாஸ்டிக் தாள், வயரிங் கனெக்டரில் கம்பிகள் அமரும் இடம், இன்ஜினில் உள்ள சென்சார்கள் அனைத்தும் வேறு. விளக்குக்கான வெப்ப சென்சார் வெறும் சுவிட்ச்; அதில் மீட்டரை இணைத்தால் முள் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குத் தாவுமே தவிர, இடைப்பட்ட வெப்பம் எதையும் காட்டாது.

மீட்டரும் சென்சாரும்

சீரமைப்பில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மீட்டர் தனிக்கருவி அன்று. டேங்கிலோ இன்ஜினிலோ இருக்கும் சென்சாரோடு சேர்ந்தே அது ஒரு கருவியாகிறது. சி10 வண்டியின் பெட்ரோல் சென்சார் டேங்க் காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 0 ஓம் மின்தடையும், நிறைந்திருக்கும்போது 90 ஓம் மின்தடையும் தரும். மீட்டருக்குள் இருக்கும் மின்சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலங்களின் சமநிலை இதற்கேற்ப மாறி முள்ளை நகர்த்துகிறது. எனவே சென்சார் கம்பியைக் கழற்றினால் முள் நிறைவுக்கோட்டைத் தாண்டி ஓடும். அதே கம்பியை எர்த்தில் தொட்டால் காலி என்ற குறிக்கு இறங்கும். இந்த இரண்டு சோதனைகளிலும் முள் சரியாக நகர்ந்தால் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. கோளாறு டேங்கிலோ இடைப்பட்ட கம்பியிலோ இருக்கிறது. எர்த் துருப்பிடித்தாலும் மின்தடை கூடி, பெட்ரோல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். சாலையோரத்தில் பெட்ரோல் தீர்ந்து நிற்கவைப்பது பெரும்பாலும் இந்தத் துருதான். மீட்டரின் முதுகில் திருகப்பட்டிருக்கும் சிறு ரெசிஸ்டரும் கவனத்துக்குரியது. தேவையற்ற துண்டு என்று எண்ணி அதை விட்டுவிட்டால் அளவு முழுவதும் பிறழ்ந்துவிடும்.

ஃபோர்டில் கணக்கு தலைகீழ். காலி டேங்கில் சுமார் 73 ஓம், நிறைந்த டேங்கில் சுமார் 10 ஓம். மீட்டரும் காந்தத்தால் இயங்குவதில்லை. மின்சாரம் பாய்ந்து சூடேறும்போது வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளைத் தள்ளுகிறது. போர்டின் பின்னால் உள்ள சிறு ரெகுலேட்டர் பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் அளவில் வைத்திருக்கும். பெட்ரோல், வெப்பம் ஆகிய இரண்டு முட்களும் ஒன்றாக உயர்ந்தால் இந்த ரெகுலேட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சோதிப்பதாக நினைத்து மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள் கருகிவிடும்.

சார்ஜ் காட்டும் அம்மீட்டரும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சி10 வண்டியில் முழு மின்னோட்டம் மீட்டர் வழியே செல்வதில்லை. கனத்த கம்பியின் இரு இடங்களுக்கு இடையிலான நுண்ணிய வோல்ட் வேறுபாட்டை இரண்டு மெல்லிய கம்பிகள் எடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியர் ஃபியூஸ் உண்டு. முள் நடுவிலிருந்து அசையவே இல்லை என்றால் பார்க்க வேண்டியது அந்த ஃபியூஸ்களை. அக்கால டாட்ஜ் வண்டிகளிலோ முழு மின்னோட்டமும் அம்மீட்டர் வழியாகவே சென்றது. தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும் ஆபத்து உண்மையானது. வோல்ட்மீட்டருக்கு மாற்றுவதை டாட்ஜில் பாதுகாப்பு நடவடிக்கையாகவே கொள்ளலாம். செவ்ரோலேயில் அது வசதிக்கானது: இன்ஜின் நின்றிருக்கையில் 12.6, ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி என்று படிப்பது எளிது.

ஸ்பீடோமீட்டர்

இது மின்சாரமே இல்லாமல் இயங்குவது. கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் சுழல் மின்னோட்டத்தால் இழுக்கப்பட, மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்கும். இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரிதாக மாறவில்லை.

கேபிள் ஒரு மைலுக்கு 1,000 சுற்று சுற்ற வேண்டும். பெரிய டயர் மாட்டினால் இக்கணக்கு பிசகி, வேகம் குறைவாகத் தெரியும். உண்மை வேகம் 60 மைலாக இருக்கும்போது முள் 57 காட்டுகிறது, கேபிளைச் சுழற்றும் பல்சக்கரத்தில் 20 பற்கள் என்றால், 19 பற்கள் உள்ள சக்கரம் சரியாக்கிவிடும். முள் நடுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வறண்ட கேபிள். கிரீஸைக் கீழ்ப்பகுதிக்கு மட்டுமே இட வேண்டும். மேல் நுனியில் பூசினால் அது ஊர்ந்து மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தைப் பிடித்துவிடும்.

ஓடோமீட்டர் எண்களை மாற்றுவது வெறும் கைவேலை அன்று. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1972 முதல் ஏமாற்றும் நோக்கில் அதைத் திருத்துவதைத் தடுக்கிறது. பழுது பார்க்கும்போது பழைய எண்ணை அப்படியே வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, முந்தைய அளவையும் தேதியையும் எழுதிய அறிவிப்பை இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.

முகப்பும் முள்ளும்

முள்ளைக் கழற்றுவதற்கு முன், அதை நிறுத்து ஊசியைத் தாண்டி மெதுவாகத் தூக்கிவிட்டு, சுருள்வில் தானாக எங்கே நிற்கவைக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பூஜ்யக் கோட்டில் நிற்பதாகத் தோன்றும் முள்ளின் உண்மையான ஓய்விடம் அதற்குக் கீழே. இதை விட்டுவிட்டு பூஜ்யத்திலேயே மீண்டும் அழுத்தினால் எல்லா வேகத்திலும் பிழை காட்டும். கழற்றுவதற்குப் பலரும் கையாளும் கருவி இரண்டு தேக்கரண்டிகள்: முகப்பில் மெல்லிய அட்டையை வைத்து, அதன்மேல் இரு பக்கமும் கரண்டிகளைச் சமமாக நெம்பினால் முள் நேராக மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் அச்சு வளைந்துவிடும்.

வெளுத்துப்போன ஆரஞ்சு முள்ளுக்கு முதலில் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் ஒளிர் ஆரஞ்சு. வெள்ளை இல்லாமல் அடித்த ஆரஞ்சு மங்கலாகவே இருக்கும். முகப்பில் அச்சிட்ட எழுத்துகளை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போகும். உலர்ந்த மென்தூரிகை போதும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியைப் பாலிஷ் செய்து மீட்கலாம். குரோம் உதிர்ந்த சட்டத்துக்கோ புதியது வாங்குவதே மேல்.

மாற்றியமைப்பு

பல்புகளை எல்இடியாக மாற்றுவதே எளிய மாற்றம். வெளிச்சம் கூடும், ஆனால் பழைய டிம்மரால் அதைச் சீராகக் குறைக்க முடியாமல் போகலாம். உள்ளமைந்த ரெகுலேட்டர் கொண்ட ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய விளக்கு போர்டு வண்டியில் சார்ஜ் விளக்கை மட்டும் பழைய பல்பாகவே விட வேண்டும்; அதன் வழியே பாயும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரைத் தொடக்கிவைக்கிறது.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நவீனமாக்கியவர்களுக்கு கேபிள் இணைக்க இடமே இருக்காது. அவர்கள் மின்துடிப்பில் இயங்கும் ஸ்பீடோமீட்டருக்கோ, டகோட்டா டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் பழைய சட்டத்தில் பொருந்தும்படி செய்யும் முழுப் போர்டுக்கோ போகிறார்கள். தோற்றம் பழையதாகவும் உள்ளே புதியதாகவும் இருக்கும் இந்த வழி தினமும் ஓடும் வண்டிக்கு ஏற்றது. தொழிற்சாலை நிலையில் எஞ்சியிருக்கும் வண்டியில் அசல் கருவிகளையே சரிசெய்வதுதான் முறை.

1972 வரை சி10 வண்டியின் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருந்தது. பாதுகாப்பு கருதி அதைப் பின்புறச் சட்டங்களுக்கு இடையே மாற்றுபவர்கள் பலர். புதிய டேங்கோடு வரும் பொதுவகை சென்சார் பெரும்பாலும் காலிக்கு 240, நிறைவுக்கு 33 ஓம் அளவுடையது. அசல் மீட்டரோடு அதை இணைத்தால் டேங்க் காலியாகும்போது முள் நிறைவைத் தாண்டி நிற்கும். 0–90 ஓம் சென்சார் என்று கேட்டே வாங்க வேண்டும்.